தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு

எங்கள் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவான பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்பவர்களை ஓசூர் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில்கூட அடையாளம் சொல்லிவிடலாம். தலைமுடி காய்ந்து நாராக நிற்கும். எண்ணெய் வைக்கக் கூடாது, பவுடர் கூடாது, கிரீம் கூடாது, நகப்பூச்சு கூடாது, சென்ட் கூடாது என்று வாசலில் ஒரு பலகை இருக்கிறது. கல்யாண வீட்டிலிருந்து நேராக ஷிஃப்ட்டுக்கு வருகிறவள்கூடப் பூவைச் செருப்பு விடும் இடத்திலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் பெயிண்ட் அடிப்பது பைக்குகளின் பெட்ரோல் டேங்குக்கு. புதிதாக அடித்த பெயிண்ட் சில நிமிடங்கள் ஈரமாக இருக்கும்போது தானே பரவி மட்டமாகிக்கொள்ளும். டேங்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் பட்டிருந்தாலும் போதும், பெயிண்ட் அந்த இடத்தைத் தொடாமல் நாலு பக்கமும் விலகிவிடும். எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் தண்ணீர் ஊற்றினால் விலகி நிற்கிறதே, அதே சங்கதிதான். அடுப்பில் வெந்து வெளியே வரும்போது அங்கே அம்மைத் தழும்பு போல ஒரு வட்டக் குழி இருக்கும். குழி விழுந்த டேங்கைத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

நான் அங்கே லேபில் இருக்கிறேன். கலவை எவ்வளவு கெட்டி, எத்தனை பங்கு பெயிண்ட்டுக்கு எத்தனை பங்கு ஹார்டனர் என்ற கெட்டிப்படுத்தும் திரவம், எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஒன்பது வருடம் ஆகிறது. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து இங்கே கட்டிக்கொடுத்த பிறகு கிடைத்த வேலை.

சுஜாதாக்கா வைப்பிங்கில் இருந்தாள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு டேங்கையும் இடது கையால் பிடித்து, வலது கையிலிருக்கும் துணியால் துடைத்து அனுப்புவது. ஒரு ஷிஃப்ட்டுக்கு நானூறு டேங்க். கான்ட்ராக்டில் நாலாவது வருடம். வீடு ராயக்கோட்டை ரோட்டில் சானமாவு தாண்டி. புருஷன் திருமலை தக்காளி போடுகிறார். காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு அவள் மூன்றே முக்காலுக்கு எழுந்து, நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ் பிடிப்பாள். காட்டில் யானை ரோட்டுக்கு இறங்கியிருந்தால் பஸ் அங்கேயே நிற்கும். வந்து சேர்ந்ததும் சாப்பிட நேரம் இருக்காது, நேராகத் தொப்பி, கோட்டு, கையுறை. மறுவாரம் மதிய ஷிஃப்ட். அதற்கு அடுத்த வாரம் திரும்பவும் காலை. உடம்பு ஒரு தூக்கத்துக்குப் பழகுவதற்குள் அடுத்தது மாறிவிடும்.

அவளுக்குத் தலைவலி வந்ததில் ஆச்சரியமில்லை.

வலி இரண்டு நெற்றிப்பொட்டிலும் பிடித்து, பின்கழுத்து வரை இறங்கும். இறுக்கிக் கயிறு கட்டியது போல இருக்கிறது என்பாள். முதலில் மெடிக்கல் ஷாப் மாத்திரை. வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து, தினம் ஒன்று, பிறகு தினம் இரண்டு. ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போனபோது அவர் கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், நடக்க விட்டுப் பார்த்தார். பயப்படும்படி ஒன்றும் இல்லை, தூக்கக் குறைவும் வெறும் வயிறும் காரணம் என்றார். திடீரென்று இடி விழுந்த மாதிரி வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் மரத்தாலோ, பார்வை மங்கினாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மாத்திரையை மட்டும் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாத்திரைக்குப் பழகிவிட்ட தலை, மாத்திரை இல்லாத நாளில் அதற்காகவே வலிக்க ஆரம்பிக்குமாம்.

தூக்கத்துக்கு மருந்து எழுதிக்கொடுக்க அவரால் முடியும். ஷிஃப்ட்டை மாற்றி எழுத முடியாது. அதற்கு ஒரே வழிதான் இருந்தது. கான்ட்ராக்டில் இருப்பவர்களில் ஆறு பேரை அந்தக் காலாண்டில் பர்மனென்ட் செய்யப் போகிறார்கள் என்றும், பெண்களை இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஜெனரல் ஷிஃப்ட்டில் போடுவார்கள் என்றும் பேச்சு இருந்தது. எட்டரை முதல் ஐந்து வரை. தினமும் ஒரே நேரத்துக்குத் தூக்கம், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். பட்டியலில் சுஜாதாக்கா பேர் இருக்கிறது என்று லைன் இன்சார்ஜ் கமலக்கண்ணன் சாரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, மூன்று மாதத்துக்கு அவள் பேரில் எந்தத் தரப் புகாரும் எழுதப்பட்டிருக்கக் கூடாது.

“பர்மனென்ட் ஆனா என்னக்கா பண்ணுவ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அஞ்சரை வரைக்கும் தூங்குவேன்,” என்றாள்.

பிப்ரவரியில் ஒருநாள் உடை மாற்றும் அறையில் தொப்பியைக் கழற்றியபோது அவள் நெற்றியின் இரண்டு பக்கமும் ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் பழுப்பேறி உரிந்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். பையிலிருந்து சுண்டுவிரல் அளவு பழுப்புக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினாள். புதினா எண்ணெய். தலைவலிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, போனில் ஆர்டர் போட்டு வரவழைத்திருக்கிறாள். தினமும் வீட்டுக்குப் போனதும் விரலில் கவிழ்த்து அப்படியே தேய்த்திருக்கிறாள். நாலு நாள் குளுகுளு என்று இருந்தது, ஐந்தாம் நாள் எரிந்தது, எரிச்சல் போகட்டும் என்று இன்னும் கொஞ்சம் தேய்த்திருக்கிறாள்.

எனக்கு இந்த மாதிரி விஷயம் கையில் கிடைத்தால் வாய் நிற்காது. பஸ் கிளம்பும் வரை அவளை உட்கார வைத்துச் சொன்னேன்.

கடையில் தைலம் என்று விற்பது வேறு, இந்தக் குப்பி வேறு. தைலத்தில் ஏற்கெனவே மெழுகோ எண்ணெயோ சேர்த்து நீர்த்துத்தான் வைத்திருப்பார்கள். இது நீர்க்காத சரக்கு. மூட்டை மூட்டையாக இலையை ஆவியில் வேகவைத்து, ஆவியோடு பறந்து வருவதை மட்டும் பிடித்து அடைப்பார்கள். நம் ஹார்டனர் டின் மாதிரி. ஹார்டனரை யாராவது நேராக டேங்கில் அடிப்பார்களா? நாலு பங்கு பெயிண்ட்டுக்கு ஒரு பங்கு. இதற்கு விகிதம் இன்னும் குறைவு. ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு சொட்டு, மூன்றைத் தாண்டக் கூடாது.

இன்னொன்றும் சொன்னேன். புதினா எண்ணெய் எதையும் குளிர வைப்பதில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நெற்றியின் சூடு அநேகமாக அப்படியேதான் இருக்கும். தோலுக்குள் குளிர்ச்சியை மூளைக்குச் சொல்லி அனுப்பும் நரம்புமுனைகள் இருக்கின்றன. புதினாவில் உள்ள சத்து அவற்றின் கதவைத் தட்டி, குளிருது என்று பொய்யாகச் சொல்ல வைக்கிறது. மூளை குளிர்ச்சியைக் கவனித்துக்கொண்டிருக்கும் நேரம் வலி கொஞ்சம் பின்னால் போய் நிற்கிறது. அவ்வளவுதான். அதனால்தான் கூடுதலாகப் போட்டால் கூடுதல் நிவாரணம் கிடையாது. கதவை உடைப்பதுதான் நடக்கும்.

“எனக்கு வலிக்கலன்னு என் மூளைகிட்டயே பொய் சொல்லுதா?” என்றாள் சுஜாதாக்கா. “நம்ம கான்ட்ராக்டர் மாதிரி.”

புண் ஆறும் வரை எதுவும் தடவ வேண்டாம், ஆறிய பிறகு முதலில் முழங்கையின் உள்பக்கம் கலவையை ஒரு பொட்டு வைத்து ஒருநாள் பார், சிவக்காவிட்டால் மட்டும் நெற்றிக்கு என்றேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதே. தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. எரிந்தால் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில் அது கரையாது, முதலில் வெறும் தேங்காய் எண்ணெயால் துடைத்தெடு, பிறகு சோப்பு. உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. அப்போது அவள் வீட்டுக்கு நாத்தனார் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தால் மூக்கில் வைக்கலாமா என்று சுஜாதாக்கா கேட்டாள். கூடவே கூடாது என்று சொன்னேன். அந்த வயதுக் குழந்தைக்கு மூக்கருகே இந்த வீச்சம் பட்டால் மூச்சே நின்றுபோகலாம். குப்பியைப் பரண் மேல் வை, குழந்தை இருக்கும் அறையில் திறக்காதே என்றேன்.

“எதுக்கு தேங்காண்ணெ? தண்ணில கலந்தா ஆகாதா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அதனால் அதையும் விளக்கினேன். தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும், சொட்டு சொட்டாக நீர்க்காமலேயே தோலில் படும். தேங்காய் எண்ணெயோடு ஒன்றாகக் கலந்துவிடும். அது பறந்துபோகாது. தோலில் தங்கி, புதினாவைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

பறந்துபோகாது, தங்கும். பெயிண்ட் லேபில் ஒன்பது வருடம் வேலை செய்யும் நான் இந்த வார்த்தையை என் வாயால் சொன்னேன். சொன்னது வைப்பிங் பெண்ணிடம்.

மார்ச் முதல் வாரத்தில் தோல் ஆறிவிட்டது. கலவை ஒத்துக்கொண்டது. மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, விரல் நுனியில் தொட்டு இரண்டு பொட்டிலும் பின்கழுத்திலும் மெல்லத் தடவிக்கொண்டு ஒரு மணி நேரம் படுப்பாள். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் படுத்தால் தூக்கம் வரும் அளவுக்கு இறங்கியது. மாத்திரை வாரத்துக்கு ஒன்றானது. ஒருநாள் கேன்டீனில் இரண்டாவது தடவை சாம்பார் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் இரண்டாவது தடவை வாங்கி நான் பார்த்ததே இல்லை.

பத்து நாள் கழித்துக் குழி விழ ஆரம்பித்தது.

முதல் நாள் ஏழு டேங்க். மறுநாள் பதினொன்று. காற்றுக் குழாயில் எண்ணெய் வருகிறதா என்று பார்த்தோம், இல்லை. பெயிண்ட் டின்னை மாற்றினோம், நிற்கவில்லை. துடைக்கும் துணி, வடிகட்டி, டேங்கை நகர்த்தும் செயினின் எண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. பைக் கம்பெனி பதினாறு டேங்கைத் திருப்பி அனுப்பி, சனிக்கிழமைக்குள் காரணம் எழுதித் தரச் சொன்னது.

காரணம் எழுத ஒரு தாள் உண்டு. ஐந்து கட்டம், ஒவ்வொன்றிலும் ‘ஏன்’. குழி ஏன் விழுந்தது, எண்ணெய் பட்டதால். எண்ணெய் ஏன் பட்டது, அதற்கு ஒரு பதில். அந்தப் பதிலுக்கு இன்னொரு ஏன். ஐந்தாவது ஏனுக்கு வரும்போது வேர் கிடைத்துவிடும் என்பது கணக்கு. எனக்குப் பிடித்த தாள் அது. ஆனால் நடைமுறையில் யாருக்கும் ஐந்து வரை போகப் பொறுமை கிடையாது. மூன்றாவதிலேயே ‘ஆப்பரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதி, பேரைப் போட்டு, திரும்பப் பயிற்சி கொடுத்தோம் என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பேர்தான் தரப் புகார்.

புதன்கிழமை குழி விழுந்த டேங்குகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு குழியையும் ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டேன். எல்லா டேங்கிலும் இடது பக்கம், முழங்கால் படும் பள்ளத்தின் ஓரம். ஒரு குழி தனியாக, எதிரே மூன்று குழி வரிசையாக. என் இடது கையைக் கொண்டு போய் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் ஒன்று, எதிரே மூன்று விரல். யாரோ பிடித்த பிடி அது. ஷிஃப்ட் நேரத்தைப் பார்த்தேன். போன வாரம் மதியம், இந்த வாரம் காலை. சுஜாதாக்காவின் ஷிஃப்ட்டோடு குழியும் மாறியிருந்தது.

அப்போதே எனக்கு அந்தத் தேங்காய் எண்ணெய் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவள் கையுறை புதிது, தினமும் மாற்றுவாள். கைக்கு எண்ணெய் எங்கிருந்து வரும் என்று லேப் கண்ணாடி வழியாக நின்று கவனித்தேன். நாலைந்து டேங்குக்கு ஒரு தடவை இடது கை மேலே போகும். பாதுகாப்புக் கண்ணாடியின் பட்டையை ஏற்றிவிட, நெற்றிப்பொட்டில் தொப்பியின் விளிம்பை ஒரு அழுத்து அழுத்தும், இறங்கும். தலைவலிக்காரியின் பழக்கம். வலி குறைந்த பிறகும் கை மறக்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்ததும் தொப்பியைக் கேட்டேன். கோட்டின் தலைமூடிக்கு உள்ளே போடும் வெள்ளைப் பருத்தித் தொப்பி. கோட்டைக் கம்பெனியே சலவைக்கு அனுப்புகிறது. தொப்பி அவரவர் தலைக்கானது என்பதால் அவரவர் வீட்டில் துவைத்துக்கொள்வது. ஏன் என்றே தெரியாமல் கொடுத்தாள். லேபில் சுத்தமான இரும்புத் தகட்டின் மேல் தொப்பியின் விளிம்பை வைத்து அழுத்தி எடுத்தேன். தகட்டைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். இது பழைய சோதனை. எண்ணெய் இல்லாத இரும்பில் தண்ணீர் ஒரே விரிப்பாக நிற்கும். எண்ணெய் உள்ள இடத்தில் விரிப்பு கிழியும்.

தண்ணீர் பிறை வடிவத்தில் கிழிந்தது.

சுஜாதாக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருடம் டேங்க் துடைத்தவளுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

“அது என் நெத்தியா?” என்று கேட்டாள்.

“தொப்பிக்கா. நெத்திலேர்ந்து தொப்பிக்கு, தொப்பிலேர்ந்து கைக்கு.”

“நான் வீட்லதான போட்டேன். காலைல மூஞ்சிக்கு சோப்பு போட்டுத்தான வந்தேன். தொப்பியும் சோப்பு போட்டுத்தான் துவைக்கறேன். இந்த நாலு வருசத்துல ஒரு முழம் பூ வச்சதில்ல பிரியா நானு.”

“தெரியும்க்கா.”

“தேங்காண்ணெ நீதான சொன்ன?”

“நான்தான் சொன்னேன்.”

அவள் சுவர் ஓரம் இருந்த பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ரெண்டு வாரந்தான் நல்லா தூங்கினேன்,” என்று மட்டும் சொன்னாள். “அதுக்குள்ள கண்டுபுடிச்சிட்ட.”

அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு நான் இரண்டு தகடு தயார் செய்தேன். ஒன்றில் நீர்க்காத புதினா எண்ணெய் தொட்ட கையுறை விரல், இன்னொன்றில் தேங்காய் எண்ணெய் கலந்தது. பத்து நிமிடம் விட்டு இரண்டிலும் பெயிண்ட் அடித்து அடுப்பில் வைத்தேன். முதல் தகடு வழவழவென்று வந்தது. இரண்டாவதில் மூன்று குழி. நினைத்தபடிதான் வந்தது. புதினா பறந்துவிடுகிறது. அவள் நெற்றியைப் பொசுக்கிக்கொண்டிருந்த நாட்களில் டேங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. தோலுக்கு எது நல்லதோ அதைச் செய்ய ஆரம்பித்ததும் டேங்க் கெட்டது. வேறு நாளாக இருந்தால் இந்தத் தகடுகளை நாலு பேருக்குக் காட்டியிருப்பேன். அன்றைக்கு இரண்டையும் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கமலக்கண்ணன் சாரிடம் தாளைக் கொண்டு போனேன். அவர் சேலத்துக்காரர், ஐம்பது நெருங்குகிறது, மூன்று ஷிஃப்ட்டுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு பை தொங்கும். தகடுகளைப் பார்த்தார். பென்சிலால் நான் நிரப்பியிருந்த மூன்று கட்டத்தைப் படித்தார்.

“மூணு ஏன் வரைக்கும் நல்லாருக்கு. நாலாவதுல பேரு வந்துடும்.”

“அவங்க மேல தப்பு இல்ல சார். பலகைல சொன்னது எதையும் அவங்க மீறல. கலந்து தடவச் சொன்னது நான்.”

“நீ எதுக்கும்மா டாக்டர் வேல பாத்த?”

“நெத்தி வெந்து போயி வந்து நின்னாங்க சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சுஜாதா பேரை எழுதினால் பட்டியலிலிருந்து அவள் போய்விடுவாள். என் பேரை எழுதினால் எனக்கு மெமோ வரும், ஆனால் ‘அப்படியானால் ஆப்பரேட்டர் யார்’ என்று கஸ்டமர் கேட்கத்தான் செய்வான். வேர் வேறு எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். தொப்பி. கோட்டு சலவைக்குப் போகிறது, தொப்பி போகவில்லை. பச்சைத் தண்ணீரிலும் சோப்புக் கட்டியிலும் பருத்தியில் ஊறிய எண்ணெய் முழுதாகப் போகாது. தலையில் எண்ணெய்ப் பசையே இல்லாமல் ஒரு மனிதர் இருக்க முடியாது, ஒன்றுமே தடவாவிட்டாலும் தோலே சுரக்கும். இன்றைக்கு சுஜாதாக்கா, நாளைக்கு இன்னொருத்தர். தலைவலி, மூட்டுவலி, முதுகுவலி இல்லாமல் இந்த லைனில் யார் இருக்கிறார்கள்? வீட்டில் எதையாவது தடவிக்கொள்ளத்தான் செய்வார்கள்.

“அப்ப தொப்பிய ஏன் சலவைக்குக் குடுக்கலன்னு என்னைத்தான் கேப்பாங்க,” என்றார். “போன வருசம் லிஸ்ட்ல இருந்து தொப்பிய எடுத்ததே நான்தான்.”

நான் தகடுகளை அடுக்கி வைத்தேன். அவர் மூன்று கட்டத்தையும் இன்னொரு தடவை படித்தார். பிறகு பழக்கத்தில் மேசை இழுப்பறையைத் திறந்து, உருட்டித் தடவும் பச்சைத் தைலக் குப்பியை எடுத்து மூடியைத் திருகினார். நெற்றிக்குக் கொண்டு போகிற வழியில் நான் பார்ப்பதைப் பார்த்தார். கை பாதியில் நின்றது.

“தெனம் மூணு தடவ பெயிண்ட் அடிக்கற பூத்துக்குள்ள போறீங்க சார்,” என்றேன்.

அவர் மூடியைத் திருப்பி மூடினார். குப்பியை என் பக்கம் தள்ளினார். “இதையும் தகட்டுல வச்சிப் பாரு.”

வைத்துப் பார்த்தேன். இரண்டு குழி. சாயங்காலம் நாலரைக்குத் தகட்டைக் கொண்டு போய் அவர் மேசையில் வைத்தபோது அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். நாலாவது ஏனுக்கு, தலையிலிருந்தும் தொப்பியிலிருந்தும் எண்ணெய் கையுறைக்கு வந்ததால் என்றும், வீட்டில் வலிக்குத் தடவும் மருந்தெண்ணெய் பற்றிப் பலகையில் எதுவும் சொல்லப்படவில்லை, லேபும் எச்சரிக்கவில்லை என்றும் எழுதினார். லேபும் என்ற சொல்லை எழுதும் முன் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுதுங்கள் என்றேன். ஐந்தாவதில், உள்தொப்பி சலவைப் பட்டியலில் இல்லாததால் என்று எழுதி, கீழே பொறுப்பு என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடிவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து தினம் ஒரு சலவைத் தொப்பி வந்தது. பலகையில் ‘தைலம், வலி மருந்து தடவியவர்கள் லேபில் சொல்லவும்’ என்று ஒரு வரி கூடியது. குழி நின்றது. எனக்கு மெமோ வந்தது, இரண்டு வரி. கமலக்கண்ணன் சாரை மேலே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை.

சுஜாதாக்கா நெற்றிக்கு எதையும் தடவுவதை நிறுத்திவிட்டாள். சலவைத் தொப்பி வருகிறதே, வீட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டால் என்ன என்று நானே சொல்லியும் கேட்கவில்லை. பட்டியல் ஒட்டும் வரை வேண்டாம் என்றாள். அதற்குப் பதிலாக ஒரு வழி சொன்னேன். காகிதக் கைக்குட்டையில் ஒரே ஒரு சொட்டு விட்டு மூடி போட்ட டப்பாவில் வை, வலிக்கும்போது திறந்து தூரத்திலிருந்து நாலு மூச்சு, உடனே மூடு. தோலிலும் படாது, துணியிலும் படாது. நாத்தனார் குழந்தை ஊருக்குப் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். வலி பாதிக்குப் பாதி கேட்கிறது என்றாள். மீதிப் பாதிக்கு ஈரத்துணி.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலை ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது நோட்டீஸ் போர்டு முன்னால் கூட்டம். நான் எட்டிப் பார்த்தேன். ஆறு பேர் என்று சொன்னது ஐந்து பேராகக் குறைந்திருந்தது. நாலாவது பேர் அவளுடையது. மே ஒன்றாம் தேதியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன், ஜெனரல் ஷிஃப்ட்.

சுஜாதாக்கா தன் பேரை விரலால் தொடாமல், ஓர் அடி தள்ளி நின்று இரண்டு தடவை படித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சாக்லேட் எப்போது என்று கேட்டார்கள். நாளைக்கு என்றாள். பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வலிக்குதாக்கா?”

“காலைல இருந்து. டப்பா வீட்ல இருக்குது.” பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “நாளைக்கும் மூணே முக்காலுக்கு எந்திரிக்கணும். இன்னும் பதினெட்டு நாளு இப்படித்தான்,” என்றாள்.

அவளைத் தலையைக் கொஞ்சம் குனியச் சொன்னேன். மண்டை ஓடும் கழுத்தும் சேரும் இடத்தில், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பள்ளம் உண்டு. நாள் முழுக்கக் குனிந்து நிற்பவர்களுக்குத் தசை அங்கேதான் முடிச்சுப் போட்டுக்கொள்ளும், வலி அங்கிருந்துதான் நெற்றிக்கு ஏறும். ஏன் என்று அவளுக்கு விளக்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எண்ணெய் எதுவும் இல்லாத என் இரண்டு கட்டைவிரலையும் அங்கே வைத்து மெல்ல அழுத்தினேன். பத்து எண்ணி விட்டு, மறுபடி பத்து.

“கை காஞ்சு போயி கிடக்குது உனக்கு,” என்றாள் கண்ணைத் திறக்காமல்.

“பெயிண்ட் ஷாப்பு கை.”

பஸ் ராயக்கோட்டை ரோட்டில் திரும்பியது. என் நிறுத்தம் முன்னால் வரும். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இறங்கவில்லை என்று தலையசைத்தேன். சானமாவுக் காடு வரும்போது அவள் தலை ஜன்னல் பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தாள். நான் விரலை எடுக்கவில்லை.